மேப் டீச்சர் இயற்பியல் படித்த கதை

இயற்பியல் வாத்தியார் போன நாள் ஒரு புதன்கிழமை. மூன்றாவது பீரியடில், பலகையில் பாதி வரைந்த லென்ஸ் படத்தை அப்படியே விட்டுவிட்டு, சாக்பீஸ் கையைக்கூடக் கழுவாமல் படியிறங்கிப் போய்விட்டார். வெளியூரில் வேறு வேலையாம். வெள்ளிக்கிழமையே தலைமையாசிரியை மேப் டீச்சரைக் கூப்பிட்டு ஒரு விண்ணப்பத்தை நீட்டினார்.

மேப் டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பதினாறு வருடமாகப் புவியியல். கக்கத்தில் சுருட்டிய வரைபடம் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

"சனி, ஞாயிறு மட்டும்தான் வகுப்பு. ரெண்டு வருஷம். முடிச்சா நீங்க இயற்பியலும் எடுக்கலாம்."

"ஏன் மேடம், நான் புவியியல் ஒழுங்கா நடத்தலியா?"

"அய்யோ, யாரு அப்படிச் சொன்னா? கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். ஆனால் மனதில் முடிச்சு விழுந்துவிட்டது. பள்ளியில் புவியியலுக்கு இரண்டு பேர்: இவளும், வந்து மூன்று வருடமே ஆன சின்ன டீச்சரும். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஓர் இடம் போகும் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. இவளை இயற்பியல் பக்கம் தள்ளிவிட்டால் புவியியல் யார் கைக்குப் போகும்? தேர்வில் தோற்றால் இரண்டும் கெட்டு எங்கோ மாற்றலாகிப் போக வேண்டியதுதான். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் கணக்கு சின்ன டீச்சரிடமே போய் நின்றது.

அவளோ குழைந்தாள். "அக்கா, பஸ்ல நின்னுக்கிட்டே படிக்கிறீங்களாமே! விடைத்தாளைக் குடுங்க, நான் திருத்தறேன்."

"வேணாம்மா. என் பிள்ளைங்க கிறுக்கல் எனக்குத்தான் புரியும்."

வீட்டில் கணவரிடம் பொருமினாள். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுது."

"உன்னைப் பார்த்தா ஆடு மாதிரியா இருக்கு?" தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "பேசாம படி."

படித்தாள். பாதி வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே ஆய்வகத்தில் நின்று, வோல்ட்மீட்டர் கம்பிகளை மாற்றி மாட்டி, முள்ளைத் தப்பான பக்கம் முட்ட வைத்தாள். முதல் பருவத்தில் நூற்றுக்கு முப்பத்தொன்று. அந்த மதிப்பெண் பட்டியலைக் கைப்பையின் உள்ளறையில் ஒளித்தாள். யாராவது எடுத்துப் பார்த்துவிட்டார்களோ என்று நாளைக்கு இரண்டு தடவை பையைத் திறந்து பார்த்தாள்.

இரண்டாம் வருடக் கடைசியில் மாதிரி வகுப்பு. சொந்தப் பள்ளியிலேயே நடத்த வேண்டும். கடைசி பெஞ்சில் தேர்வாளர். பாடம் மின்சுற்று. சாமான்களையெல்லாம் காலையிலேயே மேசையில் எடுத்து வைத்திருந்தவள் சின்ன டீச்சர். அது மேப் டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. பாடத்தைத் தொடங்காமல், பிள்ளைகள் பார்க்கப் பார்க்க ஒவ்வொரு கம்பியையும் பல்பையும் பேட்டரியையும் தனித்தனியாகச் சோதித்தாள். மூன்றாவது பேட்டரி செத்துக் கிடந்தது.

ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தாள். "இதுல நல்லா இருக்கிறதையும் கெட்டுப்போனதையும் எப்படிப் பிரிப்பீங்க? என் பேச்சையும் நம்பாதீங்க. நீங்களே பாருங்க."

பிள்ளைகள் மேசையை மொய்த்தார்கள். சுவிட்சைச் சந்தேகப்பட்டான் ஒருவன், கம்பியைச் சந்தேகப்பட்டாள் ஒருத்தி. மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை.

"எதையும் நம்பாம சோதிக்க வச்சீங்க பாருங்க, பழைய வாத்தியாருங்களுக்கே அது வராது" என்றார் தேர்வாளர். புகழ்கிறாரா, குத்துகிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

தேர்ச்சி பெற்றாள். அடுத்த கல்வியாண்டில் புவியியலில் ஓர் இடம் போனது. இரண்டு பாடத்துக்குத் தகுதி இருந்ததால் மேப் டீச்சர் தப்பித்தாள். சின்ன டீச்சருக்கு எட்டு மணி நேரப் பயணத் தொலைவுக்கு மாற்றல். "வரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தையையும் மேப் டீச்சர் ஒரு வாரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

மூன்று வருடம் கழித்து சின்ன டீச்சரிடமிருந்து கைபேசியில் ஒரு செய்தி வந்தது.

"அக்கா, ஞாயிறு வகுப்புல சேர்ந்து நானும் கணக்குல பாஸ் பண்ணிட்டேன். ஒண்ணு சொல்லணும். அந்த ரெண்டு வருஷமும் உங்க மேல எனக்கு ஒரே சந்தேகம். என்னைக் கழட்டிவிடத்தான் நீங்களும் மேடமும் கூட்டுச் சேர்ந்து இந்தப் படிப்பு வேலையெல்லாம் பண்றீங்கன்னு நெனச்சேன். மனசுல வச்சுக்காதீங்க. இப்ப இங்க ஒரு புதுப் பொண்ணு வந்திருக்கா, நான் உங்களைப் பார்த்த மாதிரியே என்னைப் பார்க்கறா. அவளை எப்படிக்கா நம்ப வைக்கிறது?"