ஒன்றும் காணவில்லை என்றும் எழுதியவர்

என் எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்திரண்டு வயதில், போன குளிர்காலத்தில்தான் எழுதப் பழகினேன். ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. என்றாலும் எழுத எழுத ஆசையாக இருக்கிறது. இந்தப் பத்திரிகைக்கு அச்சுக்கோக்கிறவர் என் பிழைகளைத் திருத்தட்டும். நான் சொன்னதைத் திருத்த வேண்டாம்.

புதன்கிழமை காலை, சனிக்கிழமைப் பயணத்துக்காகச் சப்பாத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். மகள் ரெலிபோனை வைத்துவிட்டு வந்து, "அப்பா, சேவையர் அங்கிள் மோசம் போயிட்டாராம்" என்றாள். சாவுச் செய்தியைக் கேட்டுவிட்டு மற்றச் சப்பாத்துக்கும் எண்ணெய் பூசி முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சேவையர் துரைராசாவை உங்களில் பலருக்குத் தெரியும். இலங்கையில் நிலம் அளந்தவர். மெல்பேர்ணில் ஒரு கந்தோரில் நிலப்படம் வரையும் உத்தியோகம் பார்த்தார். விடுமுறை நாட்களில் இங்கத்தைய தொண்டர்கள் சிலரோடு மேற்குப் பாலைவனத்துக்குப் போவார். நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன் அடிலெய்டில் கப்பலிறங்கிய குடும்பங்கள் தங்கம் தேடி மாட்டுவண்டில்களில் அந்த மணலைக் கடந்தன. அவர்கள் போன பாதையைக் கண்டுபிடித்து வரைபடத்தில் குறிப்பதுதான் வேலை. வன்னியிலிருந்து முப்பது வருடம் நெல் ஏற்றிய வண்டில்காரன் என்று கேள்விப்பட்டு, என்னையும் கூட்டிப்போனார்.

அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. தேநீருக்கு எல்லோரும் குந்தினால், அவர் கோப்பையோடு நடந்துவிடுவார். கால்சட்டை முழுக்க முள்ளோடு திரும்பி வருவார். "ஒரு நிமிசம் இரும் ஐசே" என்றால், "நான் இருந்தால் பாதை வந்து என்னட்டையே நிக்கும்?" என்பார்.

ஒருநாள் முழுக்க வெயிலில் நடந்தும், அந்த வண்டில்களிலிருந்து விழுந்த ஓர் ஆணிகூடக் கிடைக்கவில்லை. "இண்டைக்கு எழுத ஒண்டுமில்லை, கொப்பியை மூடும்" என்றேன். அவர் மூடவில்லை. "ஒண்டும் காணேல்லை எண்டதையும் எழுதோணும் அண்ணை. இல்லாட்டி நாளைக்கு இன்னொருத்தன் இதே வெயிலிலை வந்து காய்வான்."

எங்கள் சண்டை ஒரு மணல்மேட்டில் வந்தது. மேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பழைய வண்டில் சில்லுத் தடம் இருந்தது. இடையில் ஒன்றுமில்லை. சேவையர் இரண்டையும் மேட்டின் மேலாக நேர்கோட்டில் இணைத்தார்.

"பாரம் ஏத்தின வண்டில் இதிலை ஏறாது. சுத்தித்தான் போயிருப்பாங்கள்" என்றேன்.

"சுத்தினால் ரெண்டு மைல் கூட அண்ணை. தண்ணியில்லாத இடத்திலை ஆர் சுத்துவான்?"

"கோடு இழுக்கிற பென்சிலுக்கு மூச்சு வாங்காது, சேவையர். மாட்டுக்கு வாங்கும்."

அவர் சிரித்தார். ஆனால் கோட்டை அழிக்கவில்லை. இரண்டு பயணம் மேட்டடியைச் சுற்றித் தேடினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. நான் சொன்னதை அந்த மனிதர் எழுதினாரா, இல்லையா என்ற அரிப்பு எனக்குள் தொடங்கியது. கொப்பியை அவர் என் முன்னால்தான் விரித்து வைப்பார். எனக்குத்தான் வாசிக்கத் தெரியாது. அந்த அரிப்பில்தான் மகளிடம் 'அ' எழுதப் பழக்கச் சொல்லிக் கேட்டேன். அவருக்கு இதைச் சொல்லவில்லை. இந்தச் சனிக்கிழமை, மூன்றாம் முறை போகும்போது, கொப்பியை அவர் கையிலிருந்து வாங்கி உரத்து வாசித்துக் காட்ட நினைத்திருந்தேன்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி அந்தக் கொப்பியை என்னிடம் தந்தார். "உங்கடை பேச்சுத்தான் அண்ணை இதிலை நிறைய இருக்கு" என்றார். குசினிக் கதிரையில் இருந்து, விரல் வைத்து வாசித்தேன்.

'கந்தையா அண்ணை சொல்வது: பென்சிலுக்கு மூச்சு வாங்காது, மாட்டுக்கு வாங்கும். எனக்குச் சம்மதமில்லை. ஆனால் முப்பது வருடம் ஓட்டியவர். தடம் கிடைக்கும்வரை இரண்டு கோடும் பென்சிலிலேயே இருக்கட்டும்.'

நான் சந்தேகப்பட்டவர் ஒரு சொல்லும் விடவில்லை.

தொண்டர்களின் தலைவர் நேற்றுக் கதைத்தார். மாத முடிவில் படம் மையில் வரையப்படுமாம். மேட்டடியில் தடயம் இல்லையென்றால் நேர்கோடுதான். சனிக்கிழமை மகள் கார் ஓட்டுகிறாள். மேற்கு அடிவாரத்தில் நாங்கள் பார்க்காத ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது.

சேவையரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கொப்பியும், அதில் இன்னும் எழுதாத பக்கங்களும். அடுத்த பக்கத்தை என் கையால் நிரப்பி, வருகிற வாரம் உங்களுக்கும் எழுதுவேன். ஓர் இரும்புத் துண்டு கிடைத்தால் அதை எழுதுவேன். கிடைக்காவிட்டால், நான் தோற்றாலும், ஒன்றும் காணவில்லை என்று எழுதுவேன்.