குடும்பப் பெயரை நான் சேர்த்துச் சொன்ன நாள்

எங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பெயர் பார்ப்பது லேசான வேலை இல்லை. நல்ல பெயராக ஒன்று கிடைத்தால் மட்டும் போதாது. அது எங்கள் குடும்பப் பெயரோடு ஒட்டி உட்கார வேண்டும். என் கணவரின் கொள்ளுத்தாத்தாதான் அந்த வம்சத்தில் முதலில் ஞானஸ்நானம் எடுத்தவர். அன்றைக்கு அவருக்குக் கொடுத்த பெயரை, அவருக்குப் பின்னால் வந்த எல்லோரும் தங்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார்கள். ரொம்ப நீளமான பெயர். ரேஷன் கார்டிலும் கேஸ் புக்கிலும் அது முழுசாக வந்து நான் பார்த்ததில்லை. பாதியில் வெட்டித்தான் இருக்கும்.

சர்ச்சில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது பொதுவாகப் பிள்ளையின் பெயரை மட்டும்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் குடும்பப் பெயரையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ, ஆயர் கேட்டவுடன் இரண்டையும் உரக்கச் சொல்ல வேண்டும். என் இரண்டு பெண்களுக்கும் அப்படித்தான் நடந்தது.

மாமனார் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைப்பார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில் ஒவ்வொரு பெயரையும் குடும்பப் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவார். யாராவது ஒருவர் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். கூப்பிடும்போது நாக்கு தடுக்கினாலோ, கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்தாலோ, அந்தப் பெயர் தள்ளுபடி.

என் மூத்த பெண் பிறந்தபோது நான் மனதில் ஒரு பெயர் வைத்திருந்தேன். வயிற்றில் இருந்தபோதே அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவளிடம் பேசுவேன். கொஞ்சம் நீளமான பெயர்தான். மாமா அதை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"ரெண்டு கூட்ஸ் வண்டிய ஒண்ணா சேர்த்த மாதிரி இருக்கும்மா. தாம்பரத்துல இஞ்சின் நின்னா பல்லாவரத்துல கார்டு பெட்டி நிக்கும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரசவமாகிப் பதினெட்டாம் நாள், சிரித்தபோது தையல் வலித்தது நினைவிருக்கிறது. பிள்ளைக்கு இரண்டெழுத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். என் கணவரிடம் அன்று சாயந்திரம் சொல்லிப் பார்த்தேன். "பொண்ணுதானே, கல்யாணமானா பின்னாடி இருக்கிற பேரு எப்படியும் மாறப்போவுது. இதுக்குப் போயி அப்பாகிட்ட பேசணுமா?" என்றார். மாறப்போகிற பெயருக்காக நான் நினைத்த பெயரை ஏன் தள்ள வேண்டும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்தக் கேள்வி வர இரண்டு மூன்று வருஷம் ஆனது. அதற்குள் இரண்டாவது பெண்ணும் பிறந்துவிட்டாள். அவளுக்கு நான் பெயரே சொல்லவில்லை.

பதிமூன்று வருஷம் கழித்து என் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, முதல் பிள்ளையே பையனாகப் பிறந்தான். என் ஓரகத்தி கீழ்க்கட்டளைக்காரி. நிறையப் படித்தவள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் பத்தாவது. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். அவள் என்னை மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசினதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பையன் பிறந்ததும் மாமா புது நோட்டு வாங்கினார். என் பெண்களுக்குக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினவர்தான். நோட்டின் முதல் பக்கத்தில் சிலுவை வரைந்து, கீழே பெயர்களை எழுதினார். நான் அடுக்களையில் இருந்து அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டைப் பார்த்தா பொறாமைப்படுவார்கள்? நான் பட்டேன்.

மூன்று ஞாயிறு வருகைப்பதிவு நடந்தது. ஒன்றும் தேறவில்லை. நாலாவது ஞாயிறு ஓரகத்தி ஒரு பெயர் சொன்னாள். அது என் மூத்தவளுக்கு நான் நினைத்த பெயரைவிட நீளம். போதாததற்கு, குடும்பப் பெயர் முடிகிற அதே ஓசையில் முடிகிற பெயர். மாமா கூப்பிட்டுப் பார்த்தார். என் சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"வேற பேரு பாரும்மா" என்றார் மாமா.

"இல்ல மாமா, எனக்கு இந்தப் பேருதான் வேணும்."

"கூப்பிட்டா இடிக்குதே."

"அப்ப பின்னாடி இருக்கிற பேர விட்டுடலாமே மாமா. அவங்க அப்பா பேர இனிஷியலா போட்டுக்கலாம். இப்ப எல்லாரும் அப்படித்தானே வைக்கிறாங்க?"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இன்றைக்கு இவளுக்கு நன்றாகக் கிடைக்கப் போகிறது என்று கீரையை ஆய்ந்தபடியே காத்திருந்தேன். மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து, குடும்ப ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும்போது மாமா சொன்னார். "பையனுக்கு அவங்க அம்மா சொன்ன பேரே இருக்கட்டும். குடும்பப் பேரு வேணாம். பிள்ள நல்லா இருந்தா போதும்."

அவ்வளவுதான். நாலு தலைமுறையாக வந்ததை எடுக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. என் பிள்ளைக்குப் பெயர்தான் குடும்பத்துக்காக வளைந்தது. இவள் பிள்ளைக்குக் குடும்பமே வளைந்து கொடுத்தது. ஆமென் சொன்ன வாய் எனக்கு மூடவில்லை.

அடுக்களையில் என் கணவர் தண்ணீர் குடிக்க வந்தார். "நமக்கென்ன? அவன் பிள்ள, அவன் பாத்துக்கறான்" என்றார். "நமக்கு ஒண்ணுமில்லதான்" என்றேன். மாவுக் கரண்டியைச் சிங்க்கில் போட்ட சத்தத்தில் அவர் பாதித் தண்ணீரோடு வெளியே போய்விட்டார்.

பொறாமையைப் பற்றி வேதத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று தெரியாதவள் இல்லை நான். தினமும் காலையில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இதை எடுத்துப்போடும்" என்று கேட்டேன். கேட்டுவிட்டு எழுந்தவுடன் பக்கத்து அறையில் அவள் அந்த நீளப் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கொஞ்சுவது கேட்கும். ஜெபம் அதோடு போயிற்று.

ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரம் ஓரகத்தி என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும்."

"உங்க அக்கா இருக்காளே?"

"அவ இருக்கட்டும். ராத்திரியும் பகலுமா எனக்குப் பத்தியச் சோறு வடிச்சுப் போட்டது யாரு? நீங்கதான தூக்கணும்."

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிறு சர்ச் நிறைய ஆட்கள். அவள் வீட்டு மனிதர்கள் இரண்டு வேனில் வந்திருந்தார்கள். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வெள்ளைச் சட்டை நான் தைத்ததுதான். முன்வரிசையில் என் மூத்தவள் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஆயர் என் பக்கம் திரும்பிப் பிள்ளையின் பெயரைக் கேட்டார்.

ஓரகத்தி வைத்த பெயரைச் சொன்னேன். அங்கே நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. குடும்பப் பெயரையும் ஒரு எழுத்து விடாமல், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி சேர்த்துச் சொன்னேன்.

ஆயர் கையில் இருந்த, பெயர் எழுதிய சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியும். கடைசி நேரத்தில் பெரியவர்கள் மனசு மாறியிருப்பார்கள் என்று நினைத்திருப்பார். இரண்டு பெயரையும் சொல்லித் தண்ணீரை ஊற்றினார். பிள்ளை அழவில்லை. ஓரகத்தி முகத்தை நான் பார்க்கவில்லை.

வாய் தவறியது என்று யாரும் நினைக்க வேண்டாம். நாலைந்து நாளாகவே அது என் வாயில் இருந்தது. என் பெண்கள் சுமக்கிறதை இவனும் சுமக்கட்டும். அவ்வளவுதான் என் மனதில்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் மாமா நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்து, பக்கத்தில் நின்ற சபைப் பெரியவர்களிடம் காட்டினார்.

"என் மூத்த மருமக. நான் பலவீனத்துல விட்டுக்குடுத்துட்டேன். எங்க தாத்தா பேர இவ காப்பாத்திட்டா. பத்தாவதுதான் படிச்சிருக்கா, ஆனா குடும்பம்னா என்னன்னு தெரியும் இவளுக்கு!"

அந்த வீட்டுக்கு வந்து பதினைந்து வருஷத்தில் அவர் என்னை நாலு பேர் முன்னால் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அது எனக்கு எவ்வளவு இனித்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இனித்தது.

என் கணவர் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார். "தம்பி பொண்டாட்டி அழுவுறா. பழக்கத்துல வந்துடுச்சுன்னு சொல்லிடு. எல்லாரும் நம்புவாங்க."

உண்மைதான், எல்லோரும் நம்புவார்கள். ஒரு பக்கம் பழக்கம் என்கிற சாக்கு. இன்னொரு பக்கம் குடும்பத்தைக் காப்பாற்றியவள் என்கிற பெயர். எதை எடுத்தாலும் நான் நல்லவள். பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் கர்த்தருடைய சந்நிதியில் நின்று, இந்தப் பிள்ளையைச் சத்திய வழியில் வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வெயிலுக்கு என்று யாரோ நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்காமல் திரும்பி நடந்தேன்.

சர்ச்சை ஒட்டி ஆயருக்கு இருக்கிற வெஸ்ட்ரி அறைக்குள் போனேன். ஆயர் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். இன்னும் எழுதவில்லை.

"ஐயா, பேரை மட்டும் எழுதுங்க. பின்னாடி சொன்னதை எழுத வேணாம்."

"ஏம்மா? பெரியவர் ரொம்ப சந்தோஷமா இருக்காரே?"

"அது அவங்க அப்பா அம்மா குடுத்த பேரு இல்ல ஐயா. நான் பொறாமையில சொன்னேன்."

அவர் பேனாவை மூடினார். "ஞானஸ்நானம் ஞானஸ்நானம்தான், அதுல ஒரு குறையும் இல்ல. பேரு சீட்டுல இருக்கிற மாதிரியே எழுதிடறேன். ஆனா உங்க மாமாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றார்.

மாமா இன்னும் மரத்தடியில்தான் இருந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். தாத்தா பெயருக்காக நான் சொல்லவில்லை என்றேன். என் மூத்தவளுக்கு நீங்கள் தள்ளின பெயரை நான் மறக்கவில்லை என்றேன். இவனுக்கு எடுக்க முடிந்த குடும்பப் பெயரை அன்றைக்கு அவளுக்கும் எடுத்திருக்கலாமே என்றேன். அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போது அழவில்லை.

மாமா கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"என்ன பேரும்மா அது? நீ அன்னைக்குச் சொன்னது?"

அவருக்கு நினைவில்லை. ஒரு கூடத்தையே சிரிக்க வைத்த பெயர், அவருக்கு நினைவில்லை. சொன்னேன். கேட்டுக்கொண்டு, "நல்ல பேருதான்" என்றார். பிறகு விருந்து நடக்கிற இடத்துக்கு மெதுவாக நடந்து போனார். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த ஒரு வாரம் காபி வேண்டுமா என்று நான் கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிறு பள்ளி நடக்கிற சின்ன அறையில் ஓரகத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரி செய்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"ரெஜிஸ்டர்ல நீ வச்ச பேரு மட்டும்தான் இருக்கு. சொல்லிட்டு வந்துட்டேன்."

"ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"பொறாம."

"என் பிள்ள மேலயாக்கா?"

"பிள்ள மேல இல்ல. உன் மேல. நீ கேட்ட, கிடச்சுது. நான் கேட்டேன், கிடைக்கல."

"எத்தன தடவ கேட்டீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. "எத்தன தடவன்னா? ஒரு தடவதான். மாமா வேணாம்னுட்டாரு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அழுத கண், மை கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது.

"நான் அந்த ஒரு மாசமும் தினம் கேட்டேன்க்கா. காலையில மாமா வாக்கிங் போறப்ப ஏரிக்கரை வரைக்கும் கூடவே போயி கேட்டேன். பச்ச உடம்பு, வெளிய போகாதன்னு நீங்கதான் திட்டுனீங்க. ஒரு நாள் அவர் என்கிட்ட கத்தினாரு. நடுரோட்டுல. பால்காரர் நின்னு பாத்தாரு. மறுநாளும் போனேன். சும்மா கிடச்சதுன்னா நெனச்சீங்க?"

நான் திட்டினது ஞாபகம் வந்தது. காற்று வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

பிள்ளை பால் குடித்துத் தூங்கிவிட்டான். அவள் அவனை என்னிடம் நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்த குட்டி பெஞ்சில், சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில், உட்கார்ந்துகொண்டேன். ஏரிக்கரையில் கத்துகிற மாமனாருக்கு முன்னால் நிற்கிற அவளை நினைத்துப் பார்த்தேன். மறுநாளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவளை. என் மகளுக்காக நான் வாசல்படி கூடத் தாண்டவில்லை.

அவளுக்குக் கிடைத்ததன் மேல் இருந்த பொறாமை அப்போதே பாதி போயிருந்தது. அந்த முப்பது காலை நடைகளின் மேல் புதிதாக ஒரு பொறாமை வந்தது. அது முன்னதைவிடப் பெரிது. இன்றைக்கும் காலை ஜெபத்தில் அதைத்தான் எடுத்துப்போடும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.