உதயசூரியன் கூட்டிய ஒன்றரை மணி

விமானக் கணக்கு முழுக்கத் தெரிந்தவர் என்று எங்கள் ஆலங்குடியில் உதயசூரியன் அண்ணனுக்கு ஒரு பேர். விமானத்தில் ஏறியதில்லை, வாடகைக் கார் ஓட்டுகிறார். வளைகுடாவுக்குப் போகிறவர்களைத் திருச்சி ஏர்போர்ட்டில் விடுவதும், வருகிறவர்களை ஏற்றி வருவதும் அவர்தான். சார்ஜா எவ்வளவு தூரம் என்று கேட்டால், மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, நடுவில் டோல்கேட் கிடையாது, அதனால்தான் நாலு மணி நேரத்தில் வந்துவிடுகிறான் என்பார்.

என் மகள் ஹரிணிக்குத் திருவரங்குளம் கோயிலில் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு ஒரே தம்பி, வெற்றிசெல்வன். இவள் பிறக்கும் முன்பே சார்ஜா போனவன். இவளைத் தூக்கியதே இல்லை. அவன் மடியில்தான் குத்த வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அன்று காலை ஆறு மணிக்குத் திருச்சியில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டான். ஒன்பதரைக்குள் நல்ல நேரம்.

டிக்கெட்டைப் பார்த்து உதயசூரியன் அண்ணன் சிரித்தார்.

“இது சார்ஜா ஆறு ஆத்தா. நம்ம ஊருக்கு ஒன்றரையக் கூட்டணும். ஏழரைக்குத்தான் எறங்கும்.”

எந்த ஊரில் இறங்குகிறதோ அந்த ஊர் நேரத்தைத்தான் டிக்கெட்டில் போடுவார்கள் என்பது அப்போது எனக்கும் தெரியாது. இவர் வருஷக்கணக்காக ஒன்றரையைக் கூட்டியே வந்திருக்கிறார். வந்தவர்களெல்லாம் பெட்டிக்காக உள்ளே காத்துக் கிடந்ததால் குட்டு வெளிப்படவில்லை. பாவி மனுஷன், என் வீட்டு விசேஷத்திலா பிடிபட வேண்டும்!

எட்டரைக்கு அவருக்குப் போன் போட்டேன். தம்பியைக் காணோம் என்றார். விமானம் வந்துவிட்டதா என்றேன்.

“எப்பவோ எறங்கிட்டதா போர்டுல போட்டிருக்கான். அதை நம்பாதீங்க. எறங்கியிருந்தா தம்பி வெளிய வந்திருக்கணும்ல, இன்னும் மேலதான் வந்துக்கிட்டு இருக்கு.”

தம்பியிடம் இருப்பது சார்ஜா சிம், கூப்பிட்டால் போகவில்லை. காது குத்தும் ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டுக்காரர் என் பெரியப்பா மகனை உட்காரச் சொன்னார். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஒன்பதைத் தாண்டி ஓர் ஆட்டோ வந்து நின்றது. கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு தம்பி இறங்கினான். காருக்குக் காத்திருந்து அலுத்துப்போய், புதுக்கோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான். அவன் பஸ்ஸும் அண்ணன் காரும் கீரனூர்ப் பக்கம் எதிரெதிரே போயிருக்கும். முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து மடியை விரித்தான். குத்தியதும் ஹரிணி அலறினாள். அவன் அவளைவிட அதிகமாக அழுதான்.

பந்தி நடக்கும்போது உதயசூரியன் அண்ணன் வெறும் காரோடு வந்து சேர்ந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியை மேலும் கீழும் பார்த்தார். பைலட் விமானத்தைச் சீக்கிரமே கொண்டுவந்துவிட்டானா என்று கேட்டுவிட்டு, பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

இரண்டு வாரத்தில் தம்பி திரும்பிப் போக வேண்டும். வேறு கார் பேசுகிறேன் என்றார் வீட்டுக்காரர். நான் விடவில்லை. திருச்சியில் கிளம்புகிற நேரம் போட்ட டிக்கெட்டை உதயசூரியன் அண்ணனிடமே கொடுத்தேன்.

“ஒன்றரையக் கூட்டிக்கங்கண்ணே” என்றேன்.