கீழ் ஓரத்தில் தெரியும் கட்டைவிரல்

நங்கநல்லூரில் மாடி வைத்த சொந்த வீடு. சாரம் கட்டும் காண்டிராக்ட்டில் இந்தப் பக்கம் என்னைக் கேட்காமல் ஒரு கட்டடம் எழும்பாது. குழாய் அடுக்க கோடவுன், ஏற்றிப்போக லாரி, பெரியவனை இன்ஜினியர் ஆக்கியாச்சு. எல்லாம் ஏழாம் வகுப்பைத் தாண்டாத இந்தத் தலையை வைத்துக்கொண்டு, சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து கிளம்பி வந்து செய்தது. எவன் தயவிலும் ஏறவில்லை. உயரம் என்றால் எனக்குப் பயமே கிடையாது என்று என் ஆட்கள் சொல்வார்கள். நானும் மறுப்பதில்லை. பட வேண்டிய பயத்தையெல்லாம் ஒரே சாயங்காலத்தில் பட்டு முடித்தவன் என்று அவர்களுக்குத் தெரியாது.

தொண்ணூறுகளில் ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். என் தாய்மாமா தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தார். மற்ற நேரமெல்லாம் கேமராப் பைத்தியம். ஒரு வாரப் பத்திரிகை புகைப்படப் போட்டி வைத்தது. தொழில்காரர்களுக்கு இடமில்லை, ஆசைக்கு எடுப்பவர்கள் மட்டும். காட்சியை அகலமாக அடக்கும் வைடு ஆங்கிள் லென்ஸில் எடுத்த படமாக இருக்க வேண்டும். எது சிறந்தது என்று வாசகர்களே தபால் கார்டில் ஓட்டுப் போடுவார்கள். மாமாவிடம் பழைய கேமரா இருந்தது, அந்த லென்ஸ் இல்லை. மேற்கு மாம்பலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த சிநேகிதரிடம் இரவல் வாங்கிவிட்டார்.

ரங்கநாதன் தெருக் கூட்டம் மொத்தத்தையும் ஒரே படத்தில் அடக்க ஆசை. அங்கே மாடி எடுத்துக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்குச் சவுக்குக் கழியில் சாரம் கட்டியிருந்தார்கள். பண்டிகைக்காக வேலையை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் மாமாவுக்கு மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டிலேயே தலை சுற்றும். அதனால் டவுசர் போட்ட பையனான என்னைக் கூட்டிப்போனார்.

"நைனா, நீ ஏறு. எல்லாம் செட் பண்ணிக்கீறேன், பட்டனை அமுக்குனா போதும்."

"நீயே ஏறேன் மாமா."

"நான் ஏறுனா சாரம் தாங்காதுடா. லென்ஸு பத்திரம். எதுனா ஆச்சு, என் தோலை உரிச்சு அவன் ஸ்டுடியோல மாட்டிடுவான்."

கேமராவின் வாரை என் கழுத்தில் மாட்டி, ஆடாமலிருக்கத் துண்டால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்.

முதல் தட்டு வரை விளையாட்டாக ஏறினேன். அதற்குமேல் கழி ஆடியது. கயிறு ஒவ்வொரு முடிச்சிலும் முனகியது. இன்று ஒருவன் அப்படி முடிச்சுப் போட்டால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. மேல் பலகையில் நின்று குனிந்தால் தெருவைக் காணோம். தலைகள்தான் நகர்ந்துகொண்டிருந்தன.

துண்டைத் தளர்த்திக் கேமராவில் கண்ணை வைத்தேன். அங்கேதான் செத்தேன். அந்த லென்ஸ் எல்லாவற்றையும் இன்னும் தூரத்துக்குத் தள்ளிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று மாடி ஆழம் கிணறாகிவிட்டது. காலுக்குக் கீழே பலகை ஆடியது. டவுசர் நனைந்தது.

"லென்ஸுடா! டேய், லென்ஸு!" என்று மாமா கீழேயிருந்து கத்துவது மட்டும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மாமா முதலில் என் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினார். அதற்கே துண்டு முடிச்சோடு மூன்று தடவை மல்லாடினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும். நான் பிழைத்தேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

"அம்மாகிட்ட மூச்சு வுடாத," என்றார். அடுத்த பயம் அங்கே ஆரம்பம்.

ஓட்டுக்கு வைத்த படங்களோடு பத்திரிகை வந்தது. மாமா பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா படத்தின் கீழ் ஓரத்தில் விரலை வைத்தாள். அகல லென்ஸ் அல்லவா, எடுத்தவன் காலையும் விடாமல் பிடித்திருந்தது.

"இது யார் வெரலு?"

"யாரோ சித்தாள் பையன்க்கா."

"கல்லு வுழுந்து கறுத்த நகம். நான் மஞ்சா வச்சு கட்டுன வெரலுடா இது! எம்புள்ளய எங்கடா ஏத்துன?"

துடைப்பத்தை எடுத்துவிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் ஒண்டினேன். அடி விழவில்லை. எட்டிப் பார்த்தேன். அவள் கண் படத்தில் என் விரலுக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தது. அத்தனை தலைகளும் கடைகளைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்க, ஒரே ஒரு முகம் மட்டும் மேலே அண்ணாந்திருந்தது. இடிக்கும் கூட்டத்துக்கு நடுவில் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு மாமா.

அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "உக்காரு. துண்ணுட்டு போ," என்றாள் மாமாவிடம்.

ஏன் அடிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. வாசகர்கள் அந்தப் படத்துக்கு ஏன் அப்படிக் கார்டு போட்டுத் தள்ளினார்கள் என்பதும் விளங்கவில்லை. முதல் பரிசு, மாமா பெயரில். அந்தக் கைகள் லென்ஸைப் பிடிக்கத்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். லென்ஸ் என் கழுத்தில் தொங்கியது, நான் விழாமல் அது விழ வழியில்லை என்பது அந்த வயதில் தோன்றவே இல்லை.

இப்போது மயிலாப்பூரில் பழைய படங்களின் கண்காட்சியில் அதைப் பெரிதாக்கி மாட்டப்போகிறார்களாம், கீழே மாமா பெயரோடு. அதெல்லாம் நடக்காது. எடுத்தவன் நான், சாட்சிக்கு விரல் இருக்கிறது. 'படம்' என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள். மாமா பெயரை எடுக்கச் சொல்லவில்லை. 'கைகளை விரித்து நிற்பவர்' என்று எழுதி, அங்கே போடுங்கள்.