அகத்தியர்கூடத்துக்கு ஒன்பது கஜம்

கல்லூரிக்கு ஆறு கஜம் கட்டிக்கொண்டு போகும் என் அத்தை, அகத்தியர்கூடம் மலைக்குக் கிளம்பிய அன்று ஒன்பது கஜம் கட்டினாள். விசேஷங்களுக்கு மட்டும் பீரோவை விட்டு வெளியே வரும் அரக்குப் புடவை. கால்களைப் பிரித்துக் கட்டும் மடிசார் மலையேறத் தோதானது என்று எங்கள் வலியசாலை அக்ரகாரத்தில் அவளைத் தவிர யாருக்கும் தோன்றியதில்லை. "பேன்ட் போட்டுண்டாதானே தெருவுக்குப் பொறுக்காது? இதுக்கு யார் என்ன சொல்லப் போறா?" என்று கொசுவத்தைச் சொருகியபடியே கேட்டாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பெண்கள் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியையான அத்தை, அந்த மலையின் செடிகளை உலர்ந்த மாதிரிகளாகவே பார்த்துப் பாடம் நடத்தியவள். ஒருமுறையாவது உச்சியில் அவற்றை உயிரோடு பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வேறொரு கல்லூரியிலிருந்து ஒரு குழு போவதாகத் தெரிந்ததும், அதை அழைத்துப்போகும் பேராசிரியரிடம் நேரே போய்க் கேட்டாள்.

"அவிடெ பெண்ணுங்ஙள் கேறான் பாடில்லா டீச்சரே. அகஸ்தியமுனி பிரம்மச்சாரியல்லே?" என்றார் அவர் மலையாளத்தில்; பெண்கள் அங்கே ஏறக் கூடாதாம்.

"பிரம்மச்சாரியா? அப்போ அவரோட ஆம்படையா லோபாமுத்திரை பின்ன யாராக்கும்?"

நம் தமிழ் முனிவரை இப்படிக் கட்டை பிரம்மச்சாரியாக்கிவிட்டார்களே என்று அத்தை வீட்டுக்கு வந்தும் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பேராசிரியர் சம்மதித்தார்.

போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டுக்குள் நடந்து, அட்டைக்கடியெல்லாம் வாங்கி, அதிருமலை முகாமுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அத்தைதான். மறுநாள் உச்சிக்குக் கிளம்பும்போது, வழிகாட்டியாக வந்த காணிக்காரப் பழங்குடி மனிதர் தயங்கி நின்றார். அந்தக் காடுதான் அவருக்கு வீடு.

"அம்மே, தர்க்கம் எனிக்கு அறியில்லா. இது ஞங்கட தெய்வத்தின்ற இடமாணு. அம்மை கேறினா ஞங்களுக்கு சங்கடமாணு."

பேராசிரியர் இப்போது அத்தையின் கட்சி. "டீச்சர் வரட்டே" என்று அவளுக்காக வாதாடப் போனார். அத்தை அவரைத் தடுத்தாள். "புராணம் பேசினவர்கிட்ட நானும் புராணம் பேசினேன். இவர் மனசைச் சொல்றார். இதுக்கு என்கிட்ட பதில் இல்லை" என்று அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். மேகம் விலகி உச்சி தெரிந்தபோதெல்லாம் அழுகை வந்தது என்பதையும் பின்னாளில் ஒளிக்காமல் சொன்னாள். எத்தனையோ பேர் உச்சி தொட்டு வந்த கதையைக் கேட்டிருக்கிறேன். எனக்குப் பெருமை, அங்கே உட்கார்ந்தவளைப் பற்றித்தான்.

இப்போது பெண்களும் உச்சிக்குப் போகலாம் என்றாகிவிட்டது. அந்தச் செய்தி தொலைக்காட்சியில் வந்த அன்று, பக்கத்து வீட்டுப் பெண் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் மாமி, அன்னிக்கு உங்களைத் தடுத்துட்டாளே" என்றாள்.

எண்பதைத் தாண்டிய அத்தை நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"தடுத்தாளா? என்னையா? நான்னா உக்காந்தேன்!"