இருவருக்கு ஒரு கோட்டு

ஐரோப்பாவில் படித்த காலத்தில் எடுத்த படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. பாரிஸ், வியன்னா, ஆம்ஸ்டர்டாம், ப்ராக். எல்லாவற்றிலும் நான் ஒரே கரும்பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். எல்லாப் படங்களும் கொஞ்சம் ஆடியிருக்கின்றன. என் பெண் ஒருநாள் லேப்டாப்பில் அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “வொய் இஸ் எவ்ரிதிங் ஸோ ப்ளரி, மா?” என்று கேட்டாள். கேமராவைக் குறை சொல்ல முடியாது. படம் எடுத்த என் தோழி அப்போது குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அவளும் நானும் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் எம்.எஸ். படித்தோம். நான் சென்னை, அவள் ஈரோடு. இருவருமே தி.நகரில் ஆளுக்கொரு ஜெர்கின் வாங்கிப் போயிருந்தோம். எந்தக் குளிரையும் தாங்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. நவம்பர் மாதக் காற்று ஒன்று அடித்ததும் அந்த ஜெர்கினின் லட்சணம் தெரிந்துவிட்டது. அந்த ஊர்ப் பழைய துணிச் சந்தையில் இந்தக் கம்பளிக் கோட்டைப் பார்த்தபோது இருவரும் ஒரே நேரத்தில் கை வைத்தோம். தனியாக வாங்க இருவருக்குமே வழியில்லை. சேர்ந்து வாங்கினோம்.

எனக்கு முழங்கால் வரை வரும். அவள் குள்ளம், அவளுக்குக் கணுக்கால் வரை தொங்கும். “பாதிரியார் மாதிரி இருக்கடி” என்பேன். “நீ போட்டா மட்டும் என்னவாம், போஸ்ட்மேன்” என்பாள். காலையில் அவள், மத்தியானத்துக்கு மேல் நான் என்று ஒப்பந்தம். ஸ்டூடன்ட் பெர்மிட் கையில் இருந்ததால் லீவு கிடைத்தால் போதும், ராத்திரி பஸ் பிடித்து ஏதாவது ஒரு நாட்டில் போய் விடியற்காலையில் இறங்கிவிடுவோம். எல்லையில் நீ யார், எங்கே போகிறாய் என்று எங்களை ஒரு ஆள் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பையில் ரொட்டி, அவள் அம்மா அனுப்பிய பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு. அந்த மாதிரி ராஜவாழ்க்கை எனக்கு அதற்குப் பிறகு அமையவே இல்லை.

படம் எடுக்கும்போது மட்டும் ஒப்பந்தம் செல்லாது. ஜெர்கினில் நிற்கிற படத்தை ஊருக்கு அனுப்பினால் பெண் அங்கே கஷ்டப்படுகிறாள் என்று வீட்டில் அழுவார்கள். அதனால் யார் படத்துக்கு நின்றாலும் கோட்டு அவளுக்கு. மற்றவள் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கேமராவைப் பிடிக்க வேண்டும். ப்ராக்கில் அந்தப் பழைய கல் பாலத்தில், ஆற்றிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, நான் கோட்டுக்குள் சுகமாகப் பட்டனைப் போட்டுக்கொண்டு தலைமுடியைச் சரிசெய்கிறேன். எதிரே அவள் பல் கிட்டிப்போய் நின்று, அந்தப் பக்கம் தள்ளிப் போகச் சொல்லி ஈரோட்டுப் பாஷையில் கத்துகிறாள். “கொஞ்சம் அக்கட்டால நில்லுடி. ம், அங்கதான். சீக்கிரம் சிரிச்சுத் தொல, குளுருது!”

நான் வேண்டுமென்றே மெதுவாகச் சிரிப்பேன். அவள் முறை வரும்போது அவளும் அதையேதான் செய்வாள்.

இருவர் படங்களையும் பார்த்துவிட்டு என் அம்மா போனில், “ஏன்டி அந்தப் பொண்ணோட கோட்டையே எரவல் வாங்கிப் போட்டுக்கற? நீ ஒண்ணு வாங்கிக்கக் கூடாதா?” என்றாள். ஈரோட்டிலிருந்தும் அதே கேள்வி வந்தது. நாங்கள் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இத்தனை படங்களில் இருவரும் சேர்ந்து நிற்பது ஒன்றுகூடக் கிடையாது. கேமரா சீனியர் ஒருவருடையது, அதை முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்க பயம். வேலைக்குப் போனதும் ஆளுக்கொரு கோட்டோடு அதே பாலத்துக்கு வருவோம், யாரிடமாவது சொந்தக் கேமராவைக் கொடுத்துச் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வோம் என்று பேசி வைத்திருந்தோம்.

வேலை அமெரிக்காவில் கிடைத்தது. அவள் ஹூஸ்டனில், நான் நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில். ஹூஸ்டன் வெயிலில் கோட்டுக்கு என்ன வேலை? அது என் அலமாரிக்கு வந்தது. வீடு, இரண்டு கார், பிள்ளைகள் எல்லாம் வந்தன. பக்கத்து நியூவர்க்கில் ராத்திரி விமானம் ஏறினால் விடியும்போது ஐரோப்பா. ஆனால் போக முடியாது. பாஸ்போர்ட்டில் இருந்த விசா ஸ்டாம்ப் எப்போதோ காலாவதியாகிவிட்டது. வெளியே கால் வைத்தால் திரும்பி வரப் புது ஸ்டாம்ப் வாங்க வேண்டும். அது எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. “க்ரீன் கார்ட் வர்ற வரைக்கும் ட்ராவல் அவாய்ட் பண்ணுங்க” என்று லாயர் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார். கையில் ஒன்றுமில்லாதபோது நாடு நாடாகத் திரிந்தவள், எல்லாம் இருக்கும்போது வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன இலையுதிர் காலத்தில் அவள் கூப்பிட்டாள். அவர்கள் அவள் கணவரின் கம்பெனி மூலமாக க்ரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்தார்கள்.

“எங்களுக்கு வந்துருச்சுடி.”

“அப்பாடா! ப்ராக்குக்கு டிக்கெட் போடு.”

“உனக்கும் வரட்டும். சேந்தே போலாம்.”

“எனக்கு வர்றதுக்குள்ள நம்ம ரெண்டு பேருக்கும் முட்டி தேஞ்சுடும். எனக்காக ஒண்ணும் நீ உக்காந்திருக்க வேணாம். போயிட்டு வா.”

பெரிய மனசோடு சொன்னது போல இருக்கும். உண்மையில் கோபமாகத்தான் சொன்னேன். அவள் மேல் இல்லை. யார் மேல் என்று தெரிந்தால் நேரிலேயே போய்ச் சண்டை போட்டிருப்பேன். போனை வைத்த கையோடு கோட்டை எடுத்துப் பார்சல் கட்டினேன். “ஹூ சென்ட்ஸ் அ வுல் கோட் டு ஹூஸ்டன்?” என்று பெண் சிரித்தாள். நான் பார்சல் மேல் இன்னொரு சுற்று டேப் ஒட்டினேன்.

டிசம்பரில் ஒருநாள் காலை, மகளை இறக்கிவிடப் பள்ளிக்கூடத்தில் கார் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். போனில் படங்கள் வந்து விழுந்தன. அதே பாலம். அவள் கணவர் எடுத்தவை, பளிச்சென்று இருந்தன. அவள் அதே கோட்டில், இன்னமும் பாதிரியார் மாதிரியேதான். எனக்கு வயிறு எரிந்தது. அவள் போனதில் இல்லை, நான் அங்கே இல்லாததில்.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு படம் வந்தது. அதில் ஆளே இல்லை. அன்று நான் நின்ற அதே இடத்தில், பாலத்தின் கைப்பிடிச் சுவரின் மேல் கோட்டு மட்டும் இருந்தது. பட்டன்களெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தன. இந்தக் காலத்துப் போன் கேமராவில் படம் லேசில் ஆடாது. இது நன்றாகவே ஆடியிருந்தது.

கீழே எழுதியிருந்தாள்: “அக்கட்டால போயிராத, அங்கயே நில்லு. சீக்கிரம் சிரிச்சுத் தொல, குளுருது.”

“மா, ஆர் யூ க்ரையிங்?” என்றது பின் சீட்டு. இல்லை என்று தலையாட்டிவிட்டு, போனைப் பார்த்துச் சிரித்தேன். அங்கே அவள் கோட்டில்லாமல் நிற்கிறாளே என்று, இந்த முறை சீக்கிரமாகவே சிரித்தேன்.