மூன்று பாட்டில் சேறு

கொடைக்கானலுக்கு மேலே, பஸ் திரும்புகிற கடைசி ஊரில் மூன்று ஏக்கர் கேரட் போடுகிறவர் கந்தவேல். வயது ஐம்பத்திரண்டு. ஊர்க்குளத்துக்கு அவரே காவல். யாரும் வைத்த காவல் இல்லை, தானாக ஏற்றுக்கொண்டது.

அந்தக் குளம் ஒவ்வொரு பங்குனியிலும் பச்சைப் பெயிண்டைக் கொட்டியது மாதிரி ஆகிவிடும். நாற்றம் குடலைப் பிடுங்கும். போன வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்த கறவை மாடு ஒன்று செத்துப்போனது. ஊர் கூடியது. கந்தவேல் எழுந்து, தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பேசினார்.

"கெழக்கோரம் ஒய்யம்மா சோப்புப் போட்டுத் துணி வெளுக்குறா. பெறகு தண்ணி பச்சையாகாம பாலாவா ஆகும்?"

ஒய்யம்மாள் பாச்சலூர்ப் பக்கமிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்து தங்கிவிட்டவள். அன்று கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தாள். இனி குளத்தில் கால் வைக்கக் கூடாது என்று முடிவானது. மறுநாளிலிருந்து துணி மூட்டையையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு ஒரு மைல் இறங்கி ஓடைக்குப் போனாள். மேடேறி வருகையில் நடுவில் இரண்டு இடத்தில் குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்குவாள். கந்தவேல் வயலிலிருந்து அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு மண்ணைக் கொத்துவார்.

ஒரு வருஷம் அவள் நிழல்கூடக் குளத்தில் விழவில்லை. இந்தப் பங்குனியில் குளம் முன்னைவிடக் கெட்டியாகப் பச்சைகட்டியது.

"ஆளில்லாத நேரம் வந்து வெளுத்திருப்பா" என்றார் கந்தவேல். தோட்டக்கலை ஆபீஸிலிருந்து வந்திருந்த மனோஜ்குமாரிடமும் அதையே சொன்னார்.

அந்த ஆள் சிரிக்கவில்லை. "சோதிச்சே பாத்துருவோம். மூணு கண்ணாடி பாட்டில் எடுங்க. மூணுலயும் ஊத்துத் தண்ணி, கூட ஒரு கரண்டி குளத்துத் தண்ணி. ஒண்ணை அப்படியே விடுங்க. ஒண்ணுல அந்தம்மா வெளுத்த எடத்துச் சேறு. இன்னொண்ணுல மேக்க தண்ணி வந்து விழுற வாய்க்கால் வாய்ச் சேறு. வெயில்ல வைங்க. பத்து நாள்ல வாரேன்."

கந்தவேலுக்குக் கொண்டாட்டம். இடுப்பளவுத் தண்ணீரில் தானே இறங்கிச் சேறு அள்ளினார். எது எது என்று தாளில் எழுதிப் பாட்டிலில் ஒட்டி மாட்டுக்கொட்டகை ஓட்டின் மேல் வைத்தார். போகிற வருகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

ஏழாம் நாள் ஒரு பாட்டில் பச்சையானது. வாய்க்கால் வாய்ச் சேறு.

ஒய்யம்மாள் வெளுத்த இடத்துச் சேற்றின் மேலே தண்ணீர் லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். சேறே இல்லாத பாட்டில் தெளிவாக நின்றது. எழுத்தை மாற்றி எழுதிவிட்டோமோ என்று மூன்றையும் இறக்கிப் பார்த்தார். மாறவில்லை.

வாய்க்கால் வாய் என்றால் கேரட் கழுவின இடம். இருபது வருஷம் அவர்தான் அங்கே கழுவினார். பிடுங்கின கேரட்டைக் குழியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, நாலு பேர் ஏறி மிதித்தால் மண் கரைந்து குளத்துக்குப் போகும். கோழி எருவும் காம்ப்ளக்ஸ் உரமும் தின்று கொழுத்த மண்.

மனோஜ்குமார் வந்தபோது கந்தவேலின் குரல் இறங்கிவிட்டது. "ரோட்டோரம் கேரட்டுக் கழுவுற மிஷினு வந்து நாலு வருஷமாச்சுங்களே. நாங்க விட்டுட்டோமே?"

"நீங்க விட்டீங்க. சேறு விடலையே. போன உரத்தையெல்லாம் புடிச்சு வெச்சிருக்கு. வெயில் ஏறித் தண்ணி அசையாம நின்னா அடியில காத்து அத்துப்போகும். அப்பக் கொஞ்சங் கொஞ்சமா மேல விடும். கடலோரத்துலயும் இதே சோலிதான், அங்க பெருசா நடக்கும்."

அன்று சாயங்காலம் கந்தவேல் ஒய்யம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார். பச்சைப் பாட்டிலை நீட்டினார். "இது என் சேறு. உன்னுது சுத்தமா இருக்கு."

அவள் பாட்டிலை வாங்கவில்லை. வாசலில் படுத்திருந்த நாயைக் கையால் காட்டினாள்.

"கூட்டத்துல சொன்னதக் கூட்டத்துல வந்து சொல்லுங்க. இங்க சொன்னா அதுக்கு மட்டுந்தேன் கேக்கும்."

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. மூன்று பாட்டிலையும் நடுவில் வைத்துவிட்டு, போன வருஷம் நின்ற அதே இடத்தில் நின்றார் கந்தவேல். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"மாட்டைக் கொன்னது என் கேரட்டு மண்ணு. நான் அவ தலையில கட்டுனேன்."

பின்னாலிருந்து ஒருவன், "இப்பச் சோப்பு உங்களுக்குத்தேன் வேணும்" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அவரோடு குழியில் மிதித்தவர்கள் சிரிக்கவில்லை; தங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒய்யம்மாள் குளத்துக்கு வரலாம் என்று முடிவானது.

மறுநாள் வெள்ளென கந்தவேல் வயலில் நின்றார். ஒய்யம்மாள் குடத்தோடு வந்தாள். குளத்தை எட்டிப் பார்த்தாள். பச்சை கரையைத் தொட்டுக் கிடந்தது. ஓடைப் பாதையில் இறங்கினாள்.

கொத்த வேண்டியது நிறைய இருந்தது. கந்தவேலுக்கு மண்வெட்டியைத் தூக்கக் கை வரவில்லை.